வாசலுக்கு வெளியே போட்டால் பொறுப்பு தீருமா?



சுத்தம் ஈமானில் பாதி என்னும் கருத்துள்ள நாயக வாக்கைப் பற்றி நாம் எத்தனையோ முறை பயான் செய்திருக்கிறோம். ரமழான் பிறை தென்படுவதற்கு முன் வீடுகளைக் கழுவுங்கள், பள்ளிவாசலைக் கழுவுங்கள் என்று ஜமாஅத்தார்களுக்கு நினைவூட்டாத ஷஃபான் மாதமும் இல்லை. ஆனால் கழுவியது போக மிஞ்சிய மருந்து எங்கே போகிறது, யார் கையில் போய்ச் சேருகிறது என்று ஒரு நாளும் நாம் பேசியதில்லை. நமக்கே அந்த நினைப்பு இருந்ததில்லை என்பதுதான் உண்மை. அந்த நினைப்பை உண்டாக்கியவர் ஓர் ஆலிமல்லர். நம் தெருவில் குப்பை வண்டி தள்ளி வரும் ஓர் அம்மா.

ஷஃபான் மாதத்தின் கடைசி வாரம். திருவண்ணாமலையில் நாம் இமாமாகப் பணி செய்யும் பள்ளிவாசலில் கழிப்பறைகளையும் ஒளூச் செய்யும் இடத்தையும் தேய்த்துக் கழுவினார்கள். ஆசிட் வாங்கிய கேன் பெரிதாக இருந்ததால், ஊற்றுவதற்கு வசதியாகக் கொஞ்சத்தை ஒரு பழரசப் பாட்டிலில் மாற்றி வைத்துக் கொண்டார்கள். வேலை முடிந்தபோது கால் பாட்டில் மிச்சம். "ஹஜ்ரத், இதை என்ன செய்ய?" என்று மோதினார் கேட்டார். நாம் அஸருக்கு ஒளூச் செய்து கொண்டிருந்தோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குப்பையில் போட்டுவிடுங்கள் பாய்" என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் காலையில் வந்த அந்த அம்மா, வழக்கம் போல் பாட்டில்களைத் தனியே பிரித்தெடுத்தார். காயலான் கடையில் போட்டால் அவற்றுக்கு ஏதோ சில்லறை கிடைக்கும். உள்ளே பழரசம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக் கொட்டிவிட மூடியைத் திருகினார். வலது கையிலும் காலிலும் பட்டுவிட்டது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஓடி வந்து, குழாயைத் திறந்து, கையையும் காலையும் வெகுநேரம் தண்ணீரிலேயே வைத்திருக்கச் செய்தார். அந்தத் தண்ணீர்தான் கையைக் காப்பாற்றியது என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாராம். காயம் ஆறி விட்டது, தழும்பு இருக்கிறது.

நாமும் முத்தவல்லியும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கோபிக்கவில்லை. "மோந்து பாக்காம நான்தான் அசரத்து அவசரப்பட்டுத் தொறந்துட்டேன்" என்றார். குற்றத்தைத் தம் மேலேயே போட்டுக் கொண்டார். ஏசியிருந்தால்கூட நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு நாம் ஹிதாயா கிதாபை எடுத்து, தியத்தைப் பற்றிய பாடத்தைத் திறந்தோம். மதரஸாவில் உஸ்தாதிடம் ஓதிய பாடம்தான். பொதுமக்கள் நடக்கும் வழியில் ஒருவன் கிணறு தோண்டி வைக்கிறான். அல்லது ஒரு கல்லைப் போட்டு வைக்கிறான். அதனால் ஒரு மனிதர் இறந்து போனால் அவருக்குரிய தியத்து, அதாவது உயிருக்கான ஈட்டுத்தொகை, கடமையாகி விடுகிறது. வழியில் தண்ணீரை ஊற்றி, அதில் ஒருவர் வழுக்கி விழுந்தாலும் ஊற்றியவன் பொறுப்பாளி என்று அங்கே பேசப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளிலும் பொதுவழியில் கிணறு தோண்டியவனின் பொறுப்பு பேசப்படுகிறது. இவற்றையெல்லாம் ஓதிய காலத்தில், ஒட்டகங்கள் போகும் பாதையும் பாழுங்கிணறும்தான் நம் மனக்கண்ணில் தெரிந்தன. பழரசப் பாட்டில் தெரியவில்லை.

அந்த அம்மாதானே மூடியைத் திறந்தார், கிணற்றில் தாமாகக் குதித்தவரைப் போலல்லவா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கிதாபுகளில் இதைப் பற்றி நுட்பமான பேச்சுக்கள் உண்டு. காரியத்தை நேரடியாகச் செய்தவர், அதற்குக் காரணமாக இருந்தவர் என்று பிரித்துப் பேசுவார்கள். நாம் இங்கே ஃபத்வா எழுதவில்லை. ஆனால் உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்து திறப்பவர் வேறு, அறியாமல் திறப்பவர் வேறு என்பதை விளங்க ஃபத்வா தேவையில்லை. அவர் அறியாமல் இருந்ததற்குக் காரணம் நாம்.

சந்தையில் நடந்த ஒரு சம்பவம் முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலருகே போனார்கள். தம் திருக்கரத்தை அதற்குள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இந்த ஹதீஸை நாம் வியாபாரிகளுக்கு மட்டுமே சொல்லி வந்திருக்கிறோம். பழரசப் பெயர் ஒட்டிய பாட்டிலுக்குள் ஆசிட் இருப்பதும், மேலே உலர்ந்த தானியமும் கீழே ஈரமும் இருப்பதும் ஒரே வகையல்லவா? தானியத்தில் போனது காசு. இதில் போவது கண்ணும் கையும்.

சில வேளைகளில் உயிரும் போய்விடுகிறது. 2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி. நாமெல்லாம் ரமழான் நோன்பிலிருந்த நாட்கள். பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் தர்மாசதி கண்டாமன் என்ற கிராமத்தின் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். அந்த உணவு 23 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. எண்ணெயிலும் மிஞ்சிய உணவிலும் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. முன்பு அந்த மருந்து இருந்த கலனில் சமையல் எண்ணெயை வைத்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. வழக்கு நடந்து, 2016-இல் பள்ளித் தலைமை ஆசிரியைக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கலன் எந்த வயலுக்காக வாங்கப்பட்டதோ, அந்த வயலின் பயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மருந்து தீர்ந்ததும் கலனின் கதையும் முடிந்தது என்று ஒருவர் நினைத்தார். அவ்வளவுதான்.

இது எங்கோ பீகாரில் நடந்தது என்று சொல்ல நமக்கு வாயில்லை. செங்கம், போளூர், வந்தவாசிப் பக்கங்களில் நிலபுலன் வைத்திருக்கும் நம் சகோதரர்களின் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். பாதி மருந்தோடு இருக்கும் புட்டிகள், பெயர் அழிந்த டப்பாக்கள். கழுவி எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த பூச்சி மருந்து டப்பாவை நாமே ஒரு வீட்டில் பார்த்தோம். அதே மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாதென்று 2005-லேயே தடை வந்தது. 2023-இல் மத்திய அரசு அதன் 36 சதக் கரைசலையே தடை செய்ய ஆணையிட்டது. ஆணை கடைக்குப் போகும். நம் பரணுக்கு அது ஏறி வராது. நாம்தான் ஏற வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பயன்படாமல் வீட்டில் கிடக்கும் பூச்சி மருந்தும் எலிமருந்தும், மனம் உடைந்த ஒரு நாழிகையில் நம் பிள்ளைகளின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. மார்க்கம் அந்தச் செயலைக் கடுமையாகத் தடுத்திருக்கிறது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் தடுக்கப்பட்டது என்று சொல்வதோடு தகப்பனின் கடமை முடிந்துவிடுமா? ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மேய்ப்பர் ஆட்டுக்கு ஓநாயைப் பற்றிப் பாடம் நடத்துவதில்லை, கிடையை அடைக்கிறார். கோபமும் துயரமும் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை ஈரலை அழிப்பது. அதற்கு முறிமருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்டது வீட்டில் எதற்கு?

சரி, என்ன செய்ய வேண்டும்? நாம் டாக்டரிடமும், விவசாய இலாகாவில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடமும், அந்த அம்மாவிடமும் கேட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறோம்.

முதலாவது, வாங்கும்போதே கை சுருங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து லிட்டர் ஆசிட் வாங்குவதும் இஸ்ராஃப்தான். மிஞ்சினால் அது எதற்காக உள்ளதோ அதற்கே பயன்படுத்தித் தீர்த்து விடுவதே மேலான வழி. நமக்கு வேண்டாமென்றால், வேண்டியிருக்கும் அண்டை வீட்டாருக்கு, வாங்கிய புட்டியோடு, இன்னதென்று சொல்லிக் கொடுக்கலாம். பெயிண்டும் அப்படியே. மிஞ்சிய பெயிண்டையும் தின்னரையும் சாக்கடையில் ஊற்றுவது பலருக்குப் பழக்கம். அந்தச் சாக்கடையில் அடைப்பு எடுக்க வருபவரும் மனிதர். அங்கே தங்கி நிற்கும் தின்னரின் ஆவி ஒரு தீக்குச்சியில் பற்றிக் கொள்ளும்.

இரண்டாவது, எந்த மருந்தையும் அதன் புட்டியிலிருந்து வேறு புட்டிக்கு மாற்றவே கூடாது. மாற்றினால் பெயரும் எச்சரிக்கையும் போய்விடுகின்றன. சோடாப் பாட்டிலில் இருக்கும் மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்று டாக்டர் வருத்தப்பட்டார். அப்படிக் குடித்துவிட்டால் தாய்மார்கள் பதறிப்போய் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறார்கள். மண்ணெண்ணெயோ ஆசிட்டோ குடித்தவருக்கு அப்படிச் செய்யவே கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு முறை பொசுக்கும். 108-க்குச் சொல்லி, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக் கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது, கலக்கக் கூடாது. கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் நன்றாக வெளுக்கும் என்று சில வீடுகளில் செய்கிறார்கள். அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற மூச்சை அடைக்கும் வாயு கிளம்புகிறது. 1915-இல் பெல்ஜியம் நாட்டு ஈப்ரு போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது அதே வாயுதான். கதவடைத்த சிறிய கழிப்பறையில் ஒரு பெண் அதைச் சுவாசித்தால் என்னவாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. மிச்சத்தைக் கொட்டும்போதும் ஒன்றன் மேல் ஒன்றைக் கொட்டக் கூடாது.

பூச்சி மருந்துப் புட்டிகளுக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. லேபிளில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் படிப்படியாகக் குறையும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் ஏற்பாடு. மருந்தைத் தெளிப்பான் டேங்கில் ஊற்றிய கையோடு, காலியான புட்டியை மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிட வேண்டும். கிணற்றடியில், ஏரிக்கரையில் கழுவக் கூடாது. பிறகு புட்டியைக் குத்தி ஓட்டையாக்கிவிட வேண்டும். யாரும் மறுபடி எண்ணெய் ஊற்ற முடியாதபடி. அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது, புகையும் விஷம். காலிக் கலன்களை மறுபடி பயன்படாமல் உடைத்துக் குடியிருப்புகளுக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்பது 1971-ஆம் வருடத்துப் பூச்சிமருந்து விதிகளிலேயே எழுதப்பட்டதாம். நமக்கு அதைப் படித்துக் காட்டியவர் யாருமில்லை.

தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்ணீர்த்துறையிலும், நடக்கும் வழியிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்தைத் தேடிக் கொள்ளும் செயல் என்றார்கள். மலஜலத்திற்கே இந்தச் சட்டமென்றால், வெயிலும் மழையும் சேர்ந்தாலும் எளிதில் அழியாத விஷத்தை ஏரியில் கலப்பதற்கு என்ன சட்டம் என்று ஓதியவர்கள் கியாஸ் செய்து கொள்ளட்டும்.

பாதரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜுரம் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் உடைந்தால் வெள்ளி மணிகள் போல் உருண்டோடும். பிள்ளைகள் கையில் வைத்து விளையாடுவார்கள். நாமும் சிறு வயதில் விளையாடியிருக்கிறோம். அது கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி மூச்சில் கலக்கிறது. துடைப்பத்தால் பெருக்கினால் சிதறிப் பரவும். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, தடித்த காகிதத்தால் ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளியே தெரிந்து, ஆலையே மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதியைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய ஆலையின் கழிவும் காயலான் கடை வழியாகத்தான் போயிருக்கிறது. நம் பள்ளிவாசல் பாட்டிலுக்குக் காத்திருந்ததும் அதே வழிதான். அளவு மட்டும் வேறு. டியூப்லைட்டிலும் சுருள் பல்பிலும்கூடச் சிறிது பாதரசம் உண்டு. அவற்றை உடைக்காமல், காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எங்கே கொடுப்பது? மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட திடக்கழிவு விதிகள் பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்துப் புட்டி, பழைய பேட்டரி, காலாவதியான மருந்து, ஊசி, உடைந்த தெர்மாமீட்டர் ஆகியவற்றை வீட்டிலேயே தனியாகப் பிரித்துத் தர வேண்டுமென்றும், அவற்றை வாங்கி வைக்க ஊராட்சி, நகராட்சிகள் இடம் ஏற்படுத்த வேண்டுமென்றும் சொல்லின. ஏட்டில் இருப்பதெல்லாம் தெருவில் இருப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். நம் ஊர் 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. ஜமாஅத்தார் நாலு பேர் சேர்ந்து போய், எங்கள் தெருவுக்கு எந்த நாளில், எந்த வண்டியில் இதை வாங்கிக் கொள்வீர்கள் என்று கேட்டால் கேட்காமலா போவார்கள்? நிகாஹ் மண்டபத்துக்காக எத்தனை தடவை அலைகிறோம்!

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். மூடி இறுக்கி, தனிப் பையில் போட்டு, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, குப்பையோடு சேர்க்காமல் கையில் கொடுத்து, உள்ளே இருப்பது இன்னதென்று வாயால் சொல்ல வேண்டும். நனைந்த தானியத்தை மேலே வைப்பது என்றால் இதுதான்.

பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைக் கையால் பிடித்துக் கொள்ளட்டும், யாரையும் குத்திவிடக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். உருவிய வாளை அப்படியே ஒருவர் கையில் கொடுப்பதையும் தடுத்திருக்கிறார்கள். அம்பும் வாளும் ஹலாலான பொருள்கள்தாம். அவற்றைக் கையில் வைத்திருப்பது குற்றமில்லை. அடுத்தவர் கைக்கு அது எப்படிப் போகிறது என்பதில்தான் சட்டம் இருக்கிறது.

"குப்பை எடுப்பவர்கள் நம் ஆட்களா?" என்று ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா, கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட செய்தியை அவருக்குச் சொன்னோம். கறி கொடுப்பதற்கே அப்படியென்றால், விஷம் கொடுக்காமலிருப்பதற்கு மதம் கேட்க வேண்டுமா? எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவருடைய ஈமானைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் ஆணையிட்டுச் சொன்னதையும் அவர் அறிவார்.

அதுவும் நம் ஊரில்! ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள். பெரும்பாலோர் காலில் செருப்பில்லை. இரவெல்லாம் நடக்கிறார்கள்; வயதானவர்கள், பிள்ளையை இடுப்பில் சுமந்தவர்கள். அவர்கள் வழிபாடு அவர்களுக்கு. ஆனால் அந்தப் பாதங்கள் அல்லாஹ் படைத்த பாதங்கள். ஈமானுடைய எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில் கடைசிக் கிளை, வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்று நாம் ஓதியிருக்கிறோம். அந்தப் பாதையோரம் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் எரிந்துபோன டியூப்லைட்டை எங்கே சாய்த்து வைக்கிறார்கள், பேட்டரியின் ஆசிட் தண்ணீரை எங்கே கொட்டுகிறார்கள் என்று இந்தப் பௌர்ணமிக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக் கொள்ள வேண்டும்.

அந்த அம்மாவின் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே. வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் மருந்துச் செலவையும் ஜமாஅத் கொடுத்தது. பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாமென்று ஒருவர் சொன்னார், நாம் ஒப்பவில்லை. இது ஸதகா அல்ல, கடன். உத்தரவு கொடுத்தவர் என்ற முறையில் நம் பங்கை நம் சம்பளத்திலிருந்தே கொடுத்தோம். அல்லாஹ்வுக்குச் செய்யும் குறைகளை அவன் நாடினால் மன்னிப்பான்; அடியார்களின் ஹக்கை அந்த அடியாரிடமல்லவா கேட்டு வாங்க வேண்டும்? அதனால் மறுபடியும் போய், "எங்கள் மேல்தான் தப்பு, மன்னித்துவிடுங்கள் அம்மா" என்று வாய்விட்டுக் கேட்டோம். "அதுக்கென்னா அசரத்து" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இனிமே பாட்டில்ல என்னா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. எங்க ஆளுங்க இன்னும் நாலு பேரு இந்தப் பக்கம் வர்றாங்க" என்றார்.

இப்போது பள்ளிவாசல் வாசலில் மூடி போட்ட ஒரு சிவப்பு வாளி இருக்கிறது. மஹல்லாவாசிகள் வீட்டில் சேர்ந்த பேட்டரி, பல்பு, பழைய மருந்து, காலிப் புட்டிகளைக் கொண்டு வந்து மோதினாரிடம் கொடுக்கிறார்கள். அவர் பெயர் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுகிறார். சனிக்கிழமைதோறும் சுப்ஹுக்குப் பிறகு அந்த ஐந்து பேரில் யார் வந்தாலும், கையுறை போட்டுக் கொள்ளச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து, இது ஆசிட், இது எலிமருந்து, இது தின்னர் என்று சொல்லிக் கொடுக்கிறார். சென்ற வாரம் பெயர் தெரியாத ஒரு புட்டி வந்தது. கொண்டு வந்தவருக்கும் என்னவென்று நினைவில்லை. மோதினார் அதை வாங்கிக் கொள்ளாமல், "வீட்டில் கேட்டுக் கொண்டு வாருங்கள் பாய்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.